முகத்தை மறைப்பதும் மானத்தைக் காப்பதும்

(விக்கிரமசிங்கபுரம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

இவ்வாண்டு மலருக்குரிய புகைப்படங்களைத் தேர்வு செய்யும்போது மலர்க் குழுவினர் நம்மிடம் ஒரு கேள்வியை முன்வைத்தார்கள். ஜகாத் பங்கீடு, தையல் இயந்திரம் வழங்குதல், மருத்துவ உதவி, மாணவர்க்குக் கல்வி உதவி ஆகிய நிகழ்ச்சிகளின் படங்களில், உதவி பெறுவோரின் முகத்தை மட்டும் கணினியில் மங்கலாக்கிவிட்டு வெளியிட்டால் போதுமா என்பதே அக்கேள்வி. கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆயினும், கொடுப்பவர் யார், பெறுபவர் யார், பெறுபவரின் மானம் யாருடைய பொறுப்பு என்னும் பெரிய கேள்விகள் அதனுள் அடங்கியுள்ளன. ஆகவே, இன்றைய உரைக்கு இதனையே பொருளாக எடுத்துக்கொண்டோம்.

உருவப்படம் எடுப்பது கூடுமா, கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்திற்குள் நாம் இப்பொழுது செல்லவில்லை. படம் எடுக்கப்பட்டுவிட்டது. அது நம் கையில் இருக்கிறது. அதிலே ஓர் ஏழையின் முகம் இருக்கிறது. அந்த முகம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பேணுவது எப்படி என்பதைத்தான் நாம் பேசப் போகிறோம்.

கொடுக்கும் கையும் படம் எடுக்கும் கையும்

தர்மத்தைப் பற்றித் திருக்குர்ஆன் பேசும் இடங்களில், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதோடு எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதும் சேர்த்தே சொல்லப்படுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 264ஆம் வசனம், கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்கிவிட வேண்டாமென்று எச்சரிக்கிறது. 271ஆம் வசனம், வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, ஆயினும் ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது அதனினும் சிறந்தது என்னும் கருத்தைத் தருகிறது. 273ஆம் வசனமோ, கை நீட்டிக் கேட்காத ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. அவர்களுடைய தன்மானத்தைக் கண்டு, விவரம் அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என்றே எண்ணிக்கொள்வார் என்று அவ்வசனம் கூறுகிறது.

இந்த மூன்றாவது கருத்தைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். தன் வறுமை வெளியே தெரியாதபடி ஓர் ஏழை தனக்குத்தானே ஒரு திரையிட்டு வாழ்கிறார். துவைத்து மடித்த சட்டை அணிந்து ஜும்ஆவுக்கு வருகிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார். வீட்டில் பீடி சுற்றிக் கிடைக்கும் கூலியில் அவர் மனைவி குடும்பத்தை நடத்துகிறார். அந்தத் திரையை அல்லாஹ் புகழ்ந்து பேசுகிறான். நாமோ ஓர் அரிசி மூட்டையைக் கொடுத்துவிட்டு, ஒரே நொடியில் கைப்பேசியால் அத்திரையைக் கிழித்துவிடுகிறோம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பேரர் இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களுடைய மைந்தர் இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்களில் ஒரு செய்தி உண்டு. மதீனா நகரத்து ஏழைகளின் இல்லங்களுக்கு இரவு நேரத்தில் உணவுப் பொருள் வந்து சேரும். கொண்டு வருபவர் யாரென்று பெறுபவர்களுக்குத் தெரியாது. இமாம் அவர்கள் மறைந்த பிறகு அந்த உணவு வருவது நின்றுபோயிற்று. அவர்களைக் குளிப்பாட்டியவர்கள், மூட்டை சுமந்த தழும்புகளை முதுகிலே கண்டார்கள். அதன் பிறகே ஊருக்கு உண்மை விளங்கியது. அங்கே கொடுத்தவரின் முகத்தையும் இரவு மறைத்தது, பெற்றவரின் முகத்தையும் இரவு மறைத்தது. இன்று நாம் கணினியைக் கொண்டு செய்ய முற்படுவதை, அவர்கள் இருளைக் கொண்டு செய்தார்கள்.

இவ்வாறு சொல்லும்போது ஒரு நியாயமான மறுப்பு எழும். வளைகுடா நாடுகளில் வியர்வை சிந்தி உழைக்கும் நம் சகோதரர்கள் பணம் அனுப்புகிறார்கள். உரியவரிடம் அது சேர்ந்ததா என்று அறிய அவர்களுக்கு உரிமை உண்டு. படம் இல்லாவிட்டால் நம்புவது எப்படி என்று அவர்கள் கேட்பதில் தவறில்லை. கணக்குக் காட்டாத நிர்வாகம் ஊரைக் கெடுக்கும் என்பதையும் நாம் அறிவோம்.

ஆனால், ஒரு படம் எதனை நிரூபிக்கிறது? ஒருவர் ஒரு பொருளைக் கையில் வாங்கினார் என்பதை மட்டுமே நிரூபிக்கிறது. அவர் தகுதியுடையவரா, முழுத் தொகையும் சென்றதா, மீதி எங்கே இருக்கிறது என்பவற்றில் எதனையும் படம் சொல்லாது. அவற்றைச் சொல்வது வவுச்சர், கையொப்பம், இரு சாட்சிகள், தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு ஆகியவையே. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சிகளையும் ஏற்படுத்திக்கொள்ளுமாறு திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய 2:282 நமக்குக் கற்பிக்கிறது. ஆகவே, நன்கொடையாளருக்கு நாம் காட்ட வேண்டியது கணக்கு. ஏழையின் முகத்தைக் கணக்குக்கு ஈடாக வைக்கலாகாது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் நம் தாமிரபரணிச் சீமை கண்ட பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வீடு வாசல் இழந்தோர்க்கு எல்லாச் சமூகத்தாரும் ஓடோடி உதவினார்கள். நீரில் நடந்து சென்று உணவு கொடுத்த இளைஞர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆயினும், உணவுப் பொட்டலங்களோடு படங்களும் பரவின. நேற்று வரை சொந்தக் கடை நடத்தியவர், நேற்று வரை நான்கு பேருக்குச் சோறு போட்டவர், வெள்ளம் வந்த ஒரு நாளில் கையேந்தி நின்ற காட்சி கைப்பேசிகளில் தங்கிவிட்டது. வெள்ளம் வடிந்தது, படம் வடியவில்லை.

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நாள்களில், இராஜஸ்தான் மாநிலம் அஜ்மீர் மாவட்ட நிர்வாகம் உணவும் ரேஷன் பொருள்களும் வழங்கும்போது புகைப்படம் எடுப்பதையும் செல்பி எடுப்பதையும் தடை செய்தது. ஓர் அரசு நிர்வாகம் ஏழையின் கூச்சத்தை உணர்ந்து ஆணையிட முன்வந்ததென்றால், மார்க்கம் அறிந்த நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

மங்கலாக்குதல் எப்படி வேலை செய்கிறது?

முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதுமா என்ற கேள்விக்கு விடை காண, அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை நாம் ஓரளவு தெரிந்துகொள்ள வேண்டும். கைப்பேசிப் படம் என்பது இலட்சக்கணக்கான சிறு வண்ணப் புள்ளிகளின் தொகுப்பு. அதில் ஒரு பகுதியை மட்டும் மறைக்க நான்கு வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன. முதலாவது, ஒவ்வொரு புள்ளியையும் அதன் அண்டைப் புள்ளிகளோடு கலந்து சராசரியாக்குவது. இதில் முகம் பனி மூடியது போலத் தெரியும். இரண்டாவது, முகத்தைப் பெரிய கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரே சராசரி வண்ணத்தைப் பூசுவது. தொலைக்காட்சிச் செய்திகளில் நாம் காணும் கட்டம் கட்டமான முகம் இதுவே. மூன்றாவது, முகத்தை நீர்ச்சுழி போல முறுக்கிவிடுவது. நான்காவது, அப்பகுதியின் மீது கறுப்பையோ வேறொரு வண்ணத்தையோ முழுமையாகப் பூசிவிடுவது.

இந்த நான்கும் ஒரே அளவு பாதுகாப்பு உடையவை அல்ல. இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. சிறுவர்களுக்குக் கொடுமை இழைத்த ஒருவன், அக்கொடுமையின் படங்களை இணையத்தில் பரப்பினான். தன் முகத்தை மட்டும் சுழி போல முறுக்கி மறைத்திருந்தான். ஜெர்மனி நாட்டுக் காவல்துறை வல்லுநர்கள் அந்தச் சுழியை எதிர்த்திசையில் முறுக்கிப் பிரித்து, அவன் முகத்தை மீட்டெடுத்தார்கள். 2007 அக்டோபர் 8ஆம் நாள் இன்டர்போல் அமைப்பு அம்முகத்தை உலகுக்கு வெளியிட்டது. அதே மாதம் 19ஆம் நாள் தாய்லாந்தில் அவன் பிடிபட்டான். முறுக்கும்போது புள்ளிகள் இடம் மாறினவேயன்றி அழியவில்லை. அதனால்தான் முகம் திரும்பி வந்தது. குற்றவாளி தன்னை மறைத்துக்கொண்ட திரை விலகியது அல்லாஹ்வின் அருள். ஆயினும், அதே திரையை நாம் ஓர் ஏழைப் பெண்ணுக்கு இட்டால், அதுவும் விலகக்கூடியதே என்பதை உணர வேண்டும்.

லேசாக மங்கலாக்கிய முகமும் அப்படியே. இன்றைய கணினி நிரல்கள் மங்கலான முகத்தை வைத்துக்கொண்டு, இது இன்னாராக இருக்கலாம் என்று பொருத்திப் பார்க்கும் திறன் பெற்றுள்ளன. எண்களை மங்கலாக்குவது அதைவிடப் பலவீனமானது. ஓர் இலக்கத்திற்குப் பத்து வாய்ப்புகள்தாம் உண்டு. பத்தையும் அதே முறையில் மங்கலாக்கி ஒப்பிட்டுப் பார்ப்பவர் சரியான எண்ணைக் கண்டுவிட முடியும். கைப்பேசியிலுள்ள கறுப்பு மார்க்கர் பேனாவால் எண்ணின் மீது கோடிழுத்தால் மறைந்துவிட்டது என்று எண்ணுகிறோம். அப்பேனா கண்ணாடி போன்ற தன்மையுடையதாக இருப்பின், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியவுடன் எண் தெரிந்துவிடும்.

2023 மார்ச்சில் வெளியான செய்தியொன்றையும் குறிப்பிட வேண்டும். கூகுள் நிறுவனத்தின் பிக்சல் கைப்பேசிகளிலிருந்த படத் திருத்தக் கருவியில் ஒரு குறை கண்டறியப்பட்டது. வெட்டி நீக்கியதாக நினைத்த பகுதி, படக் கோப்பின் உள்ளேயே மிச்சமிருந்ததால் அதனை ஓரளவு மீட்க முடிந்தது. அக்குறை பின்னர் சரிசெய்யப்பட்டது. ஆயினும், அதற்கு முன்பு அனுப்பப்பட்ட படங்கள் அனுப்பியவர் கைக்குத் திரும்பி வரவில்லை. அச்சகத்தில் மலரைக் கணினியில் வடிவமைக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. படத்தின் மேல் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து பிடிஎப் கோப்பாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பெட்டிக்கு அடியில் முழுப் படமும் அப்படியே இருக்கக்கூடும். தாளில் மறைந்தது கோப்பில் மறையாது.

எனவே, மறைக்க வேண்டுமாயின் முழு வண்ணத்தால் அழுத்தமாக மூட வேண்டும். மூடிய பின் அதனை ஒரே படமாக்கி, அந்தப் புதிய படத்தை மட்டுமே வெளியே அனுப்ப வேண்டும். மூலப் படம் எவருடைய கைப்பேசியிலும் தங்கக்கூடாது. மூலப் படத்தை நான்கு குழுக்களில் பகிர்ந்துவிட்டு மலரில் மட்டும் மங்கலாக்குவது, கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சன்னலுக்குத் திரை தைப்பது போன்றது.

சிற்றூரில் முகம் மட்டுமே அடையாளம் அன்று

கூகுள் நிறுவனம் தெருக்களைப் படமெடுத்து இணையத்தில் காட்டும் ஸ்ட்ரீட் வியூ சேவை, 2022 ஜூலையில் சென்னை உள்ளிட்ட பத்து இந்திய நகரங்களில் தொடங்கப்பட்டது. அதில் வழிப்போக்கரின் முகங்களையும் வாகன எண்களையும் இயந்திரமே கண்டறிந்து மங்கலாக்குகிறது. யாரென்று அறியாத மனிதரின் முகத்தை ஓர் இயந்திரம் மறைக்கிறது. பெருநகரத்தில் அது பெரும்பாலும் போதுமானதாகவும் இருக்கலாம்.

நம் விக்கிரமசிங்கபுரத்தில் அது போதாது. பாபநாசத்தில் இருந்து அம்பாசமுத்திரம் வரை பேருந்தில் செல்பவருக்கு, ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் தெரிந்தவர் இருப்பார். ஆலையில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த குடும்பங்கள் மூன்று தலைமுறையாக ஒன்றையொன்று அறியும். இங்கே ஒரு பெண்ணின் முகத்தை மறைத்துவிட்டு, அவர் அணிந்திருக்கும் துப்பட்டாவையும், பின்னால் தெரியும் நீல நிறக் கதவையும், இடுப்பிலிருக்கும் குழந்தையையும் காட்டினால், பார்ப்பவர் ஒரே பார்வையில் இன்னார் வீட்டு மருமகள் என்று சொல்லிவிடுவார். பள்ளிச் சீருடை ஒரு மாணவனைக் காட்டிக் கொடுக்கும். ஊன்றுகோல் ஒரு முதியவரைக் காட்டிக் கொடுக்கும். படத்தின் கீழே இன்ன தெரு, இன்ன தேதி என்று எழுதினால் மறைக்க வேண்டியது எதுவும் மிச்சமிருக்காது.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருக்கிறது. சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 23ஆம் பிரிவில், பாதிக்கப்பட்ட குழந்தையின் புகைப்படத்தை மட்டும் குறிப்பிட்டு நிறுத்தவில்லை. பெயர், முகவரி, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் தெரியக் காரணமாகும் எதனையும் ஊடகங்கள் வெளியிடக்கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 2018 டிசம்பர் 11ஆம் நாள் நிபுண் சக்சேனா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைத் தொலைவிலிருந்தும் ஊகிக்க இடமளிக்கும் செய்தியை வெளியிடலாகாதென்று விளக்கியது. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவில், குற்றம் செய்ததாகக் கூறப்படும் சிறுவனுக்கும் இதே பாதுகாப்பை அளிக்கிறது.

இத்தனை சட்டம் இருந்தும் 2019இல் பொள்ளாச்சியில் நடந்தது என்ன? பெண்களைப் படமெடுத்து மிரட்டி வந்த கொடியவர்கள் மீது ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார். தொலைக்காட்சிகளில் முகம் மறைக்கப்பட்ட காட்சியிலும், வேதனையில் கதறிய குரல் வீடுதோறும் ஒலித்தது. வழக்கை சிபிஐக்கு மாற்றி 2019 மார்ச்சில் வெளியிடப்பட்ட அரசாணையிலேயே புகார் கொடுத்தவரின் பெயர் இடம்பெற்றுவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனைக் கண்டித்து, அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உத்தரவிட்டது. 2025 மே 13ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறைத் தண்டனை விதித்தது. அத்தீர்ப்பு கிடைத்ததற்கு, பாதிக்கப்பட்ட பெண்கள் அஞ்சாது சாட்சியம் அளித்ததே பெருங்காரணம். தம் அடையாளம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லையேல் எந்தப் பெண் நீதிமன்றப் படியேறுவார்? முகத்தை மறைப்பது வெட்கத்திற்காக மட்டுமன்று. நீதி கிடைப்பதற்கும் அது வழி செய்கிறது.

எதை மறைக்கலாகாது?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். பிறர் குறையை இவ்வுலகில் மறைப்பவருடைய குறையை அல்லாஹ் மறுமையில் மறைப்பான் என்னும் கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். சிலர் இதனைத் தவறாகப் பயன்படுத்தி, ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமையைக் கூட, ஊர் மானம் போய்விடும், ஜமாஅத் பெயர் கெட்டுவிடும் என்று சொல்லி உள்ளுக்குள்ளேயே பேசி முடிக்க முற்படுகிறார்கள். இது மார்க்கம் சொன்ன மறைத்தல் அன்று. சாட்சியத்தை மறைக்காதீர்கள், மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குரியது என்னும் கருத்தை 2:283ஆம் வசனம் தெளிவுபடுத்துகிறது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை மறைப்பது நம் கடமை. அநியாயத்தை மறைப்பது அநியாயத்திற்குத் துணை போவதாகும்.

போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிராக இத்தகைய குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறுவது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். ஜமாஅத் நிர்வாகிகளும், மதரஸா உஸ்தாதுகளும், இமாம்களாகிய நாமும் இதற்கு விலக்கு அல்லர். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் எல்லாப் பெற்றோரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இத்தகைய வழக்கில் நம்மிடம் ஒரு படமோ காட்சியோ இருப்பின், அதனை வெட்டாமல், மங்கலாக்காமல், மூல வடிவிலேயே காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். திருத்தப்பட்ட படம் நீதிமன்றத்தில் வலுவிழக்கும். வேறு எவருக்கும் அதனை அனுப்பலாகாது. நல்ல எண்ணத்தில் விழிப்புணர்வுக்காக அனுப்பினேன் என்பது சமாதானம் ஆகாது.

கண்காணிப்புக் கேமரா பொருத்தப்பட்ட பள்ளிவாசல்களுக்கும் இந்த அளவுகோலே பொருந்தும். வளாகத்தில் ஒரு சிறுவன் செருப்பையோ கைப்பேசியையோ எடுத்துச் செல்வது பதிவானால், இளைஞர்கள் உடனே அக்காட்சியைக் குழுக்களில் போட்டுத் திருடனைப் பிடியுங்கள் என்று எழுதிவிடுகிறார்கள். அவன் பதினான்கு வயதுப் பிள்ளையாக இருக்கலாம். பசியால் செய்திருக்கலாம். கூடா நட்பால் செய்திருக்கலாம். நாளை அவன் தவ்பா செய்து திருந்தி நல்ல மனிதனாகலாம். அல்லாஹ் மன்னித்துவிட்ட பின்னும், திருமணப் பேச்சு எடுக்கும் நாளில் அந்தக் காட்சி யாரோ ஒருவர் கைப்பேசியிலிருந்து எழுந்து வரும். பிள்ளை மீண்டு வரும் பாதையை அடைக்கும் உரிமையை நமக்கு யார் தந்தார்கள்?

பார்வைக்கும் அனுமதி வேண்டும்

பிறர் இல்லத்தில் நுழையுமுன் அனுமதி கேட்க வேண்டுமென்று அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்தினுள் துவாரம் வழியே எட்டிப் பார்த்த ஒருவரை அவர்கள் கண்டித்த செய்தி புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே பார்வையின் காரணமாகத்தான் என்பது அந்த நபிமொழியின் சாரம். கால் நுழைவதற்கு முன்பே கண் நுழைந்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். கைப்பேசிக் கேமராவும் ஒரு கண்தான். நம் கண் பார்த்ததை மறக்கும். அக்கண் மறக்காது.

ஆகவே, படமெடுக்கும் முன் கேட்க வேண்டும். கேட்பதிலும் ஒரு நேர்மை வேண்டும். பணமும் பொருளும் நம் கையிலிருக்க, வரிசையில் நிற்கும் ஒருவரிடம், படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? வேண்டாம் என்றால் பொருள் கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சித் தலையசைப்பார். அது சம்மதம் அன்று, இயலாமை. உதவியைக் கொடுத்து முடித்த பிறகு, மறுத்தாலும் ஒன்றும் குறையாது என்று அவருக்கு விளங்கும்படி சொல்லிக் கேட்டுப் பெறுவதே சம்மதம்.

ஜமாஅத்தின் முன் வைக்கும் யோசனைகள்

மலர்க் குழுவினரின் கேள்விக்கு நம் விடை இதுதான். முகத்தை மங்கலாக்குவது வேறு வழியில்லாதபோது கையாளும் கடைசி வழி. முதல் வழி, அப்படத்தை எடுக்காமலிருப்பது. வரும் ஆண்டில் பின்வருவனவற்றை நடைமுறைப்படுத்தலாம் என்று பணிவோடு முன்வைக்கின்றோம்.

1. ஜகாத், பித்ரா, மருத்துவ உதவி, கல்வி உதவி ஆகியவை பெறுவோரின் படம் எடுக்கப்படாது. வழங்கப்பட்ட பொருள்களின் படமும், பயனாளிகளின் எண்ணிக்கையும், தொகையும் மலரில் வெளியாகும்.

2. ஒவ்வோர் உதவிக்கும் வரிசை எண்ணிட்ட வவுச்சரும், பெற்றவரின் கையொப்பமும், இரு நிர்வாகிகளின் சாட்சிக் கையொப்பமும் இருக்கும். நன்கொடையாளர் நேரில் வந்து கேட்டால், பெயர் பகுதியை மறைத்துக் கணக்கைக் காட்டலாம்.

3. கல்வி உதவிக்கும் அரசு நலத்திட்டங்களுக்கும் ஆதார் நகல் வாங்கும்போது, இயன்றவரை கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரையே கேட்டுப் பெற வேண்டும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அது கிடைக்கிறது. பயனாளிகளின் கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண் அடங்கிய பட்டியல் அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இடம்பெறக்கூடாது.

4. நிகாஹ், மதரஸா ஆண்டு விழா போன்ற மகிழ்ச்சியான நிகழ்ச்சிகளில், பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதத்துடன் மட்டும் வெளியிடலாம். பின்னணியில் தற்செயலாகப் பதிவான பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் உருவத்தை முழு வண்ணத்தால் மூட வேண்டும், அல்லது அப்பகுதியை வெட்டி நீக்க வேண்டும்.

5. மறைத்த படத்தின் மூலப் பதிவை மலர்ப் பொறுப்பாளர் அழித்துவிட வேண்டும். அச்சகத்திற்கும் மூலப் படம் செல்லக்கூடாது.

6. கண்காணிப்புக் கேமராப் பதிவைப் பார்க்கும் உரிமை தலைவர், செயலாளர் இருவருக்கு மட்டுமே இருக்க வேண்டும். காவல்துறை கேட்டால் எழுத்து மூலம் பெற்றுக்கொண்டு கொடுக்கலாம். வேறெவருக்கும் பகிரலாகாது.

இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. கொடுப்பதில் நமக்குள்ள ஆர்வத்தைக் குறைப்பதும் அன்று. மலரின் பக்கங்களில் படங்கள் சற்றுக் குறையும். அவ்விடத்தில் கணக்குகள் கூடும். அதைக் கண்டு உதவி கேட்கத் தயங்கி நிற்கும் குடும்பங்கள் இரண்டு மூன்றாவது நம் அலுவலகக் கதவைத் தட்ட முன்வந்தால், அதுவே இவ்வாண்டு நமக்குக் கிடைக்கும் பெரும் இலாபம். ஏனெனில், உண்மையிலேயே தேவையுடையோரில் பலர், படம் வெளிவந்துவிடுமோ என்ற அச்சத்தாலேயே வராமலிருந்துவிடக்கூடும்.

யா அல்லாஹ்! எங்கள் குறைகளை எத்தனையோ முறை நீ மறைத்திருக்கிறாய். உன் அடியார்களின் மானத்தைக் காக்கும் பண்பை எங்களுக்குத் தந்தருள்வாயாக. எங்கள் தர்மங்களை முகத்துதியிலிருந்து காப்பாயாக. அநியாயத்தைக் கண்டால் அஞ்சாமல் சாட்சி சொல்லும் துணிவையும், பலவீனரைக் கண்டால் அவர்க்குத் திரையாக நிற்கும் கருணையையும் எங்கள் பிள்ளைகளுக்கு வழங்குவாயாக. மறுமையில் எல்லாத் திரைகளும் விலகும் நாளில், எங்களை உன் அருள் என்னும் திரையால் மூடுவாயாக. ஆமீன்.